டிபுக்கின் வழக்கு (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

மலையாள ‘எஸ்ரா’வுக்குப் பிறகு யூதப் பேய்ப்படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். ‘தி அன்பார்ன்’ (2009), ‘தி பொசெஷன்’ (2012) இரண்டும் முடிந்தன. பாதிரியாருக்குப் பதில் யூத குருவான ரபி, சிலுவைக்குப் பதில் ஹீப்ரு எழுத்து. மற்றபடி பார்த்துச் சலித்த பேயோட்டும் படம்தான். உண்மையில் யூத நாட்டார் மரபில் வேர்கொண்ட படங்கள் இருக்கின்றனவா? அவற்றில் வரும், ஆவியை அடைத்து வைத்த ‘டிபுக் பெட்டி’ நிஜமா? மண்ணால் செய்து உயிரூட்டும் கோலெம் ஓரிடத்தில் ஊரைக் காக்கிறது, இன்னோரிடத்தில் ஆளைக் கொல்கிறது, எது மூலக்கதை? எதில் தொடங்கி எப்படிப் பார்க்கலாம்? கதை முடிவைச் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்,

பெட்டியை முதலில் முடித்துவிடுவோம். ஆவியைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கும் வழக்கம் யூத மரபில் கிடையாது. 2003-இல் அமெரிக்காவில் ஒருவர் ஒயின் குப்பிகள் வைக்கும் சிறிய மர அலமாரி ஒன்றை ஈபே தளத்தில் விற்பனைக்கு வைத்தார். நாஜிகளிடம் தப்பிய மூதாட்டி, திறக்கக் கூடாத பெட்டி என்று அதற்கு ஒரு கதையும் எழுதிச் சேர்த்தார். அது தானே புனைந்தது என்று 2021-இல் அவரே சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் ‘தி பொசெஷன்’ வந்துவிட்டது, ‘எஸ்ரா’ (2017) வந்துவிட்டது, ‘எஸ்ரா’வின் இந்தி வடிவமும் பிறகு வந்தது. கொச்சி யூதர்கள் நிஜம், 1568-இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் நிஜம், பெட்டி மட்டும் ஈபே சரக்கு. ‘தி பொசெஷன்’ இன்னொரு குழப்பத்தையும் செய்கிறது. பெட்டிக்குள் இருப்பது டிபுக் என்று சொல்லிவிட்டு, அதற்கு அபிசு என்று பெயர் வைக்கிறது. அபிசு பிள்ளைகளைப் பறிக்கும் பெண் பிசாசு. டிபுக் பிசாசே அல்ல, செத்துப்போன மனிதர்.

உங்களுக்குச் சலிப்புத் தட்டியதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கப் பேயோட்டத்தில் எதிரே நிற்பது சாத்தானின் ஆள். அதனோடு பேரம் இல்லை, துரத்துவது ஒன்றே வேலை. டிபுக் அப்படியல்ல. 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் ஐசக் லூரியாவையும் (1534–1572) அவருடைய சீடர் ஹயீம் விட்டாலையும் சூழ்ந்து உருவான நம்பிக்கைப்படி, பாவம் மிகுந்த ஆன்மாவுக்கு நரகத்திலும் இடமில்லை, மறுபிறப்பும் இல்லை. தண்டிக்கும் தூதர்கள் விரட்ட, அது உயிருள்ள ஓர் உடலுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஆகவே ரபிக்கு இரண்டு பொறுப்பு: பிடிபட்டவரை மீட்க வேண்டும், பிடித்தவருக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். அது குற்றவாளி, அகதி, பல நேரம் வாதியும்கூட. அந்த அறையில் நடப்பது விசாரணை.

விசாரணைக்கு முறை உண்டு. மந்திரவாதி ஒருவர் தனியாகப் புத்தகத்தோடு வந்து நிற்பது இங்கே செல்லாது. பிரார்த்தனைக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையான பத்து ஆண்கள் கூட வேண்டும். லூரியா விட்டாலுக்குக் கற்றுத்தந்தது, பிடிபட்டவரின் மணிக்கட்டில் கைவைத்து நாடி பார்த்தபடி பேசுவது. முதல் கேள்வி பெயர். பிறகு எந்த ஊர், எப்படிச் செத்தாய், என்ன பாவம், உன்னை யார் அனுப்பினார்கள், இந்த உடலுக்குள் எந்த வழியாக நுழைந்தாய். கடைசிக் கேள்விதான் கதைகளில் சுவையானது. சஃபேத் கதை ஒன்றில், செங்கடல் பிளந்ததை அந்தப் பெண் மனதுக்குள் நம்பவில்லை, அதுவே வாசலாயிற்று. அதே ஆவி வெளியேறிய பிறகும் தொல்லை கொடுக்கிறது; போய்ப் பார்த்தால் வீட்டு நிலையில் பதிக்க வேண்டிய வேதவசனச் சுருளான மெசூசாவே இல்லை. இணங்காத ஆவிக்கு விவிலியத்தின் 109-ஆம் சங்கீதம், கருப்பு மெழுகுவத்தி, ஆட்டுக்கடாக் கொம்பான ஷோஃபார், கடைசியில் சமூக விலக்கு என்று அழுத்தம் படிப்படியாக ஏறும். இணங்கினால் அதன் பேரில் இறந்தவருக்கான பிரார்த்தனையான காதிஷ் சொல்லவும் தர்மம் செய்யவும் வாக்குக் கொடுப்பார்கள். வெளியேறும் இடத்தையும் ரபியே குறிக்க வேண்டும்: காலின் சுண்டுவிரல். தொண்டை வழியாகப் போனால் ஆளையும் கொண்டுபோய்விடும் என்ற பயம். விரலில் ஒரு துளி ரத்தமும் உடைந்த சன்னல் கண்ணாடியும்தான் போனதற்குச் சாட்சி.

(நம்மூர்க் கோடாங்கியும் ‘நீ யாரு, என்ன வேணும்’ என்றுதான் தொடங்குவார். ‘எஸ்ரா’ உங்களுக்கு அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.)

இந்த விசாரணையை முழுதாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதிலிருந்து தொடங்குங்கள். 1937-இல் போலந்தில் மிஹாவ் வாஷின்ஸ்கி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எடுத்த ‘டெர் டிபுக்’. மூலம் யூத எழுத்தாளர் அன்ஸ்கியின் நாடகம். அவர் 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொடோலியா சிற்றூர்களில் ஒரு குழுவோடு சுற்றி யூதக் கதைகளையும் பாட்டுகளையும் சேகரித்தவர். நாடகம் வார்சாவில் மேடையேறியது 1920 டிசம்பரில். அவர் இறந்து அப்போது ஒரு மாதம்.

செண்டர், நிசன் என்று இரு நண்பர்கள். பிறக்கப்போகும் பிள்ளைகளைச் சம்பந்தம் செய்வதாக வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். நிசன் நீரில் மூழ்கிச் சாகிறார். செண்டர் பணக்காரராகி வாக்கை மறக்கிறார். நிசனின் மகன் ஹொனன் ஏழை மாணவனாக அதே ஊருக்கு வந்து செண்டரின் மகள் லேயாவைக் காதலிக்கிறான். அவளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகிறது. ஹொனன் யூத மறைஞானமான கப்பாலாவின் விலக்கப்பட்ட பகுதிக்குள் போய் விழுந்து சாகிறான், மணமேடையில் அவள் வாய் வழியாகப் பேசுகிறான்.

வேறு படமாக இருந்தால் அடுத்து கட்டிலும் கயிறும் வந்திருக்கும். இங்கே மிரோபோல் ஊர் ரபி வழக்கைப் பதிவு செய்கிறார். இறந்துபோன நிசனுக்கு முறையாக அழைப்பு போகிறது. திரைக்கு அப்பால் அவர் வந்து நிற்பதாகக் கொண்டு இருதரப்பையும் கேட்கிறார்கள். தீர்ப்பு: செண்டர் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தர வேண்டும், நிசனுக்கும் அவர் மகனுக்கும் ஆயுள் முழுக்கக் காதிஷ் சொல்ல வேண்டும். நிசன் அதை ஏற்றதாகக் குறி எதுவும் இல்லை. படத்தில் எனக்கு மிகவும் பயமூட்டுவது அந்த மௌனம்தான். பிறகுதான் ஷோஃபார், யூத வேதமான தோராவின் சுருள்கள் எல்லாம். டிபுக் வெளியேறுகிறான், லேயா அவன் பின்னாலேயே உயிரை விடுகிறாள். நீதிமன்றம் சட்டப்படி சரியாகத் தீர்ப்பளித்தும் வாக்கு முறிந்தது முறிந்ததுதான்.

பார்க்கும்போது சில இடங்களில் நிதானியுங்கள். ஊர் நடுவே ஒரு கல்லறை வரும்: 1648-இல் யூதர்கள் மேல் நடந்த படுகொலையில் மணமேடையிலேயே கொல்லப்பட்ட ஜோடியுடையது. கல்யாண வீட்டார் அதைச் சுற்றி ஆடுவார்கள். கல்யாணத்தில் மண்டையோட்டு முகத்தோடு லேயாவுடன் ஆடும் மரணம், நடனங்களை அமைத்த யூடித் பெர்க்தான். ஜெபாலயத்தில் பாடுபவர் கெர்ஷோன் சிரோட்டா, அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த பாடகர். 1943-இல், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் இறந்தார். வெளிப்புறக் காட்சிகள் எடுத்தது கசிமியேஷ் டோல்னியில். படம் வெளியாகி இரண்டே ஆண்டில் போர், அந்த ஊர் யூதர்கள் யாரும் அங்கே மிஞ்சவில்லை. படம் சுமார் இரண்டு மணி நேரம். வெகுவாகக் குறைந்த நீளத்தில் கிடைக்கும் பிரதி வெட்டுப்பட்டது. முதலில் அரை மணி மெதுவாகத்தான் போகும், வெட்டுபவர்கள் கைவைப்பதும் அங்கேதான். ஆனால் அந்த வாக்குறுதிக் காட்சி இல்லாமல் பிற்பாதி வழக்கு நிற்காது.

அடுத்து, மார்சின் வ்ரோனாவின் ‘டெமோன்’ (2015). இதையும் போலந்தில் எடுத்தார்கள், இதுவும் கல்யாண வீடு. இங்கிலாந்திலிருந்து வந்த மாப்பிள்ளை, பெண் வீட்டார் தந்த பழைய பண்ணை வீட்டு முற்றத்தைத் தோண்டும்போது மனித எலும்பைப் பார்க்கிறான். கல்யாண இரவில் அவன் வாயிலிருந்து இத்திஷ் வருகிறது, ஒரு பெண்ணின் குரலில்: ஹனா. மருத்துவர் வலிப்பு என்கிறார். பாதிரியார் நழுவுகிறார். அங்கிருக்கும் ஒரே யூதர், வயதான வாத்தியார், அவளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறார், அவள் மொழியில் பேசுகிறார். சடங்கின் முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. இரண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டால் ‘இந்த வீடு யாருடையது’ என்று வரும். பெண்ணின் அப்பா விருந்தினருக்கு மேலும் வோட்கா ஊற்றச் சொல்கிறார். விடிந்தபின் மாப்பிள்ளை என்று ஒருவன் வந்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொள்கிறார்கள். 1937 படத்தில் இறந்தவருக்குக் கூட அழைப்பு போனது. இங்கே நீதிமன்றம் கூடுவதற்கே மறுக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் ‘டெமோன்’ வெறும் குடிகாரக் கல்யாணமாகத் தெரிய வாய்ப்புண்டு.

கோயன் சகோதரர்களின் ‘எ சீரியஸ் மேன்’ (2009) தொடக்கத்தில் சில நிமிட இத்திஷ் முன்கதை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த கிழவர் மூன்றாண்டு முன்பே செத்தவர் என்று மனைவி ஐஸ் குத்தும் ஊசியால் குத்துகிறாள். அவர் ரத்தத்தோடு பனிக்குள் நடந்து போகிறார். பழங்கதை போலவே இருக்கும், ஆனால் அவர்களே எழுதியது. கண்டிப்பாகப் பார்த்தால் அது டிபுக் அல்ல, செத்தவர் சொந்த உடலோடே வருகிறார். நல்ல கதைக்கு அந்தச் சலுகை தரலாம்.

இனி பிசாசு வகை. யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பழந்தொகுப்பான தல்மூதின் மஸிக்குகள், ஷேதிம்கள் மனித ஆவிகள் அல்ல, தனிப் படைப்புகள். தேவதூதர் போல இறக்கையும் எதிர்காலம் அறியும் திறனும் உண்டு. மனிதர் போல உண்பார்கள், பிள்ளை பெறுவார்கள், சாவார்கள். ஒவ்வொருவர் இடப்பக்கமும் ஆயிரம், வலப்பக்கம் பத்தாயிரம் நிற்கின்றன என்கிறது அதன் பெராகோத் பகுதி. சந்தேகம் இருந்தால் சோதிக்க வழியும் சொல்கிறது: சலித்த சாம்பலைக் கட்டிலைச் சுற்றித் தூவு, காலையில் சேவல் கால்தடம் தெரியும். இதைவிட நல்ல திகில் காட்சியை எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதிவிட முடியும்? படங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே அபூர்வம்.

கொஞ்சம் புரட்டிய படம் கீத் தாமஸின் ‘தி விஜில்’ (2019). நியூயார்க்கின் புரூக்ளின் பரோ பார்க்கில், கட்டுப்பாடு மிகுந்த யூதப் பிரிவான ஹசிதிய வாழ்க்கையை விட்டு வெளியேறிய இளைஞன் ஒருவன், கூலிக்கு ஓர் இரவு பிணத்துக்குக் காவல் இருக்கிறான். இறந்தது முதல் அடக்கம் வரை உடலைத் தனியே விடக்கூடாது, காவலிருப்பவர் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது இன்றும் நடைமுறையில் உள்ள வழக்கம். தல்மூதில் அதற்குச் சொல்லும் காரணம் எலிதான்: ஒரு நாள் குழந்தை உயிரோடிருந்தால் எலிக்குக் காவல் வேண்டாம், பாசான் நாட்டு ராட்சத அரசனான ஓக் ஆனாலும் செத்துவிட்டால் காவல் வேண்டும். அந்த உலர்ந்த வாக்கியத்தின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் ஆவிகளை ஏற்றினார்கள். படத்தின் மஸிக் பின்பக்கம் திரும்பிய தலையோடு கடந்த காலத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இயக்குநர் பக்கத்துக் கற்பனை, ஆனால் பொருந்துகிறது. கடைசியில் அவன், பிரார்த்தனையின்போது கட்டிக்கொள்ளும் வேதவசனப் பெட்டிகளான தெஃபிலினின் வார்களைக் கையில் சுற்றிக்கொண்டு மோதப் போவான். தெஃபிலின் பகலில் அணிவது, இரவில் அணியும் வழக்கம் இல்லை. திடீர்ச் சத்தங்களால் பயமுறுத்தும் பழக்கத்தை மட்டும் இந்தப் படத்தாலும் விட முடியவில்லை.

கோலெம் பற்றிக் கேட்டீர்கள். காப்பதும் கொல்வதும் வெவ்வேறு காலத்துக் கதைகள். தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனைச் செய்து ரபி சேய்ராவிடம் அனுப்புகிறார். சேய்ரா அதனோடு பேசிப் பார்க்கிறார், பதில் இல்லை. ‘மண்ணுக்குத் திரும்பு’ என்கிறார். அவ்வளவே. காவலும் இல்லை, கொலையும் இல்லை. செய்முறை இடைக்காலத்தில் வருகிறது: யாரும் கைபடாத மண், ஓடும் நீர், எழுத்துகளை வரிசை மாற்றி மாற்றி உச்சரித்தல். கொல்லும் கோலெம் போலந்துக் கதை, 1808-இல் யாக்கோப் கிரிம் அச்சிட்டார். நெற்றியில் ‘எமெத்’, உண்மை, என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’, செத்தான். ஆனால் அது தினமும் வளர்கிறது, நெற்றி எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிடு என்று குனியவைத்து எழுத்தை அழிக்கிறார் எஜமானர். மொத்த மண்ணும் அவர் மேலேயே சரிகிறது.

கோலெமைச் செய்தவராக இன்று பெயர் பெற்ற ரபி, பிராகின் மஹரல், 1609-இல் இறந்தவர். அவரைக் கோலெமோடு சேர்த்த கதைகள் அச்சில் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுப்பதாக யூதர்கள் மேல் சுமத்திய இரத்தப்பழியிலிருந்து காக்கும் கோலெம் இன்னும் இளையது: யூடல் ரோசன்பெர்க் 1909-இல், பழைய கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்ததாகச் சொல்லித் தானே எழுதி வெளியிட்ட கதை.

இதைத் தெரிந்துகொண்டு பால் வேகனரின் 1920 மௌனப் படம் ‘டெர் கோலெம்’ பார்த்தால் ஒன்று உறுத்தும். அதில் ரபி, அஸ்தரோத் என்ற பிசாசை வரவழைத்து அதன் வாயிலிருந்து உயிர்ச்சொல்லை வாங்குகிறார். யூதக் கதையில் அந்தச் சொல் கடவுளின் பெயரிலிருந்து வர வேண்டும். பிசாசை அழைப்பது, பிசாசோடு ஒப்பந்தம் போட்ட ஃபவுஸ்டின் ஜெர்மானியக் கதை வழிச் சரக்கு. ஹான்ஸ் போல்சிக் கட்டிய அந்தக் கோணல்மாணல் தெருவும் நிஜ பிராக் அல்ல. ஆனாலும் கார்ல் ஃபிராய்ண்டின் ஒளிப்பதிவுக்காகவும், கோலெமின் மார்பிலிருந்து ஒரு சிறுமி விளையாட்டாக, உயிர்ச்சொல் அடங்கிய நட்சத்திரத்தைக் கழற்றும் அந்த இடத்துக்காகவும் பார்த்தே ஆக வேண்டும். இணையத்தில் மங்கலான பிரதிகள் நிறைய உலவுகின்றன. மீட்டெடுத்த பதிப்பைத் தேடுங்கள், பழைய பிரதிகளில் அந்தத் தெருக்களின் நிழல் முழுக்கக் கருந்திட்டாகிவிட்டது. பாஸ் சகோதரர்களின் 2018 ‘தி கோலெம்’, 1673-இல் லிதுவேனியச் சிற்றூர் ஒன்றில் குழந்தையை இழந்த தாய் தன் மகன் உருவத்திலேயே கோலெமைச் செய்துகொள்வதைச் சொல்கிறது. கடைசிப் பகுதி வெறும் ரத்தக்களரி. முதல் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.