சாம்பாரில் கலக்கும் பொடி வேண்டாம், தாயே

வாசகர் கேள்வி பதில்
பதில் அளிப்பவர்: பெங்களூருவில் குடிநோயாளிகளின் குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவ சமூகப் பணியாளர்

கேள்வி: என் கணவர் பெயின்டர். காலையில் கை நடுங்குகிறது. 90 மில்லி பாக்கெட் ஒன்று உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறது. போன ஆடியில் ஊருக்கு அழைத்துப்போய்க் கோயிலில் கயிறு கட்டினோம். அன்றே குடியை நிறுத்தினார். மறுநாள் இரவு வலிப்பு வந்து விழுந்துவிட்டார். சாமி குற்றம் என்றார் மாமியார். கயிற்றை அவிழ்த்தோம்; மறுபடி குடி. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தேன். என் தம்பியோ, ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் மையம் இருக்கிறது என்கிறான். நான் எதைச் செய்வது?
- பெயர் வேண்டாம், ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: அந்தப் பொடியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள்.

முதலில் அந்த வலிப்பைப் பற்றிச் சொல்கிறேன். சாமி எந்தக் குற்றமும் பார்க்கவில்லை, தாயே. நாள்தோறும் குடித்துப் பழகிய மூளை, மதுவின் மந்தத்துக்கு எதிராகத் தன்னை முடுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. மது திடீரென்று நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடி முடிந்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகச் சொல்வார்கள், இருக்கும் இடம் தெரியாமல் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். அந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. உங்கள் கணவர் நேர்மையாகத்தான் நிறுத்தினார். அவருக்குத் துணையாக மருந்து இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே மறுபடி நேர்ந்துகொள்வதானாலும் மருத்துவரைப் பார்த்த பிறகு நேர்ந்துகொள்ளுங்கள். கோபத்தில் பாக்கெட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம்.

இனி பொடி. அதில் என்ன இருக்கிறது என்று விற்பவரே சொல்வதில்லை. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சில வீடுகளில் பொடித்துக் கலக்கிறார்கள். அது நல்ல மருந்துதான். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்கெனப் பயன்படத் தொடங்கியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகவும் கூடும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும். கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, அவரே சம்மதித்து, விளைவைத் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டிய மருந்து இது. தெரியாமல் சாப்பிட்டவர் எதற்காகக் குடிக்காமல் இருப்பார்?

ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குடி, போதைப் பழக்கங்களுக்கென்றே தனி மையம் உண்டு. காலையிலேயே புறநோயாளிப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆதார் அட்டையோடு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான ரேஷன் அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டணச் சலுகை கிடைக்கும். கோரமங்கலாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அரசு விக்டோரியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கே போனாலும் வலிப்பு வந்த கதையை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெளி நோயாளியாகப் பார்ப்பதா, படுக்கையில் சேர்ப்பதா என்பதைத் தீர்மானிக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும். சேர்த்தால் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தை அளவு குறைத்துக்கொண்டே வருவார்கள். நினைவாற்றல் கெடாமல் இருக்க வைட்டமின் பி1 கொடுப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் உடல் தேறிவிடும்.

பல குடும்பங்கள் அதோடு நின்றுவிடுகின்றன. என் மனம் மிகவும் நோவது அங்கேதான். உடலைத் தேற்றியது முதல் படி. குடி ஆசையை அடக்கும் சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் ஆலோசனையும் பல மாதங்கள் தொடர வேண்டும். சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை மாலை எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது என்பதுவரை அந்த ஆலோசனையில் பேசுவார்கள். இடையில் ஒருநாள் குடித்துவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எல்லாம் வீண் என்று கைவிட்டுவிடாதீர்கள்.

தம்பியிடம் சொல்லுங்கள்: ஆட்களை விட்டுத் தூக்கிச் செல்வது சிகிச்சை ஆகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சம்மதமில்லாத சேர்க்கைக்கு மருத்துவர் பரிசோதனை, கால வரம்பு என்று கட்டுப்பாடுகள் விதிக்கிறது. தனியார் மையம்தான் என்றால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் வலிப்பு வந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள், வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணில், எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. நிறுத்த விரும்புகிறவர்களுக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இரண்டுக்கும் கட்டணமில்லை. தமிழில் நடக்கும் கூட்டம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். போதை இல்லாத நேரம் பார்த்து, "உங்களுக்கு மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஒருமுறை டாக்டரைப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் அவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதை விட்டுவிடுங்கள். அவர் கை நீட்டினால் பொறுத்துப் போகாதீர்கள்: பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரின் வீடுகளில் எத்தனை கயிறுகள், எத்தனை பொடிகள்!

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. வெள்ளி இரவு தொடங்கினால் ஞாயிறு வரை குடிக்கிறேன். வார நாட்களில் தொடுவதில்லை, நடுக்கமும் இல்லை. மருத்துவமனையில் சேர வேண்டுமா? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா?
- ஒரு வாசகர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சேர வேண்டிய தேவை தெரியவில்லை, தம்பி. ஆனாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை வைத்தே உங்கள் குடி எந்த அளவில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். சில அமர்வுகள் ஆலோசனையும், தேவைப்பட்டால் மாத்திரையும் போதுமானதாக இருக்கலாம். வலி நிவாரணி ஏதாவது சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றோடு நால்ட்ரெக்ஸோன் சேராது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும்படி மேலே சொன்ன அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அலுவலகத்துக்கு விடுப்புச் சான்றிதழ் தேவைப்பட்டால், அதில் என்ன எழுதுவது என்று மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.