காயலான் கடைக்கு பேட்டரியைப் போடலாமா?

கேள்வி: ஒரு டப்பா நிறைய தீர்ந்துபோன செல்கள், உப்பிப்போன செல்போன் பேட்டரி, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி வீட்டில் கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கண் இன்வெர்ட்டர் பேட்டரியின் ஈயத்தின் மேல்தான். செல்களில் அவருக்குக் காசு இல்லை. தெருமுனை தாண்டியதும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

"ஆசிட்டைக் கொட்டிட்டுக் கொடுங்க, எடை போடணும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அது கந்தக அமிலம், ஈயமும் கலந்தது. ஓடப்போவது உங்கள் வாசல் சாக்கடையில். அப்புறம் ஏதாவது ஒரு கொட்டகையில் பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அந்தத் தொகையை பில்லில் காட்டச் சொல்லுங்கள். பில் வேண்டாமென்றால் கூடுதலாகக் குறைக்கிறேன் என்கிற கடையை விட்டு வெளியே வாருங்கள். பழைய பேட்டரியைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில், மூடியை இறுக்காமல், வெளியே நிழலில் வைத்து, சீக்கிரமே போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ரிமோட் செல்கள் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம்படாமல் இருந்தால் போதும். பட்டன் செல் மட்டும் அப்படியில்லை. கார் சாவி, எடை மெஷின், பொம்மை எல்லாவற்றிலும் இருப்பது. கழற்றியவுடன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தீர்ந்துபோனதுதானே என்று மேஜையில் போடாதீர்கள். சாவியை இயக்க முடியாத செல்லுக்குக்கூட குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். 2 மணி நேரத்திலேயே பெரிய சேதமாகிவிடும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.

சரி, டப்பா நிறைந்தால் எங்கே கொடுப்பது? இப்படிப்பட்ட வீட்டுக் கழிவுக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்று 2016-லேயே விதி எழுதிவிட்டார்கள். உங்கள் பகுதி மையம் எங்கே என்று வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள். "எந்த மையம்?" என்று அவரே திருப்பிக் கேட்டால் எழுத்தில் மனு கொடுங்கள், வாயால் கேட்பது எந்த ஃபைலிலும் ஏறாது. குப்பை வண்டிக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றால், 'பேட்டரி' என்று எழுதிய தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். எல்லாவற்றோடும் சேர்த்துக் கொட்டப் போனால் திருப்பி வாங்கிவிடுங்கள். அடுத்த மின்கழிவு முகாம் வரை அது உங்கள் பரணிலேயே இருக்கட்டும்.