சுடோ இல்லாத ஜென்கின்ஸ் யூசர் ரூட் ஆனது எப்படி?

தண்டையார்பேட்டை ஆபீஸ் சர்வரில் ஜென்கின்ஸ் (மென்பொருள் பில்டுகளைத் தானாக ஓட்டும் கருவி) யூசருக்கு சுடோவே (ரூட், அதாவது முழு நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் அனுமதி) கிடையாது, ஆனாலும் ஒரு பில்ட் ஜாப் ரூட் பெயரில் கிரான் ஃபைல் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) எழுதிவிட்டது என்கிறீர்கள். நீங்கள் ஒட்டியிருக்கும், யூசரின் குரூப்புகளைக் காட்டும் ஐடி கட்டளையின் வெளியீட்டிலேயே விடை இருக்கிறது: அந்த யூசர் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) குரூப்பில் இருக்கிறது. அந்தக் குரூப்பும் ரூட்டும் ஒன்றுதான். டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸ்) வழக்கமாக ரூட்டாக ஓடுகிறது. அதற்குக் கட்டளை அனுப்பும் வழியான சாக்கெட்டில் எழுத முடிந்த எவரும் ஹோஸ்ட்டின் மொத்த டிஸ்க்கையும் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து எதையும் மாற்றலாம். அதாவது, பில்ட் படிகளைச் சொல்லும் பைப்லைன் ஃபைலைத் திருத்த முடிந்த ஒவ்வொருவரும் உங்கள் சர்வரில் ரூட். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. இதற்கு பேட்ச் வராது, டாக்கரின் வடிவமைப்பே அப்படி.

ஜிபாஸ்டபிள்யூடி (gpasswd) கட்டளையில் மைனஸ் டி (-d) கொடுத்து யூசரைக் குரூப்பிலிருந்து நீக்குங்கள். பிறகு ஜென்கின்ஸை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழைய குரூப்பை விடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சாக்கெட்டின் பர்மிஷன் 660தானா (ஓனரும் குரூப்பும் மட்டும் எழுதலாம்) என்றும் பாருங்கள். அவசரத்தில் யாராவது 666 (எல்லோரும் எழுதலாம்) ஆக்கியிருப்பார்கள்.

இமேஜ் (கன்டெய்னரின் அச்சு) பில்டுக்கு ரூட்லெஸ் பாட்மேன் (ரூட் இல்லாமல் ஓடும் டாக்கர் மாற்று) போதும். கன்டெய்னருக்குள் பயன்படும் யூசர், குரூப் எண்களைக் குறிக்கும் சப்யூஐடி, சப்ஜிஐடி ஃபைல்களில் அந்த யூசருக்கு 65536 ஐடிகள் ஒதுக்குங்கள். பில்டுகளைத் தனி ஏஜென்ட் மெஷினுக்கு மாற்றி, ஜென்கின்ஸ் ஓடும் மெஷினிலேயே பில்ட் ஓடாதபடி பில்ட்-இன் நோடின் எக்ஸிக்யூட்டரை 0 ஆக்குங்கள்.

கிரான் ஃபைலை எழுதியது யாரென்று தெரியாவிட்டால் அந்த சர்வரையே நம்பாதீர்கள். டிஸ்க்கை நகலெடுத்து வைத்துவிட்டு ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுங்கள். ஜென்கின்ஸில் சேமித்த டோக்கன், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் கீ அத்தனையையும் மாற்றுங்கள்.