மாத்திரையைத் தள்ளிவைப்பதுதான் ஒப்புக்கொடுத்தலா?

கேள்வி: என் மனைவிக்கு ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே வெகுநேரம் ஆகிறது. வீட்டுக்கு வரும் செபக்குழுவினர், "மாத்திரை போடாமல் வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் பலன் அதிகம்" என்கிறார்கள். அவளும் மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். இரவில் முனகல் வரும்போது நான் விழித்திருப்பது தெரிந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஒரு கிறிஸ்தவர் தன் வலியை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம். நாளைக்கே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எதை எதைக் குறைத்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். முடக்குவாத மருந்துகளில் சில வலியைத் தணிப்பவை, சில மூட்டுகள் சிதைவதையே மட்டுப்படுத்துபவை. இரண்டாவது வகையை விட்டுவிட்டால், சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அவருடைய விரல்களைக் காணிக்கையாக ஆண்டவர் கேட்கவில்லை.

சிலுவையில் அறையுமுன் வலியை மட்டுப்படுத்தத் தரப்பட்ட, வெள்ளைப்போளம் என்னும் பிசின் கலந்த திராட்சை இரசத்தை இயேசு மறுத்தாரே (மாற்கு 15:23) என்று உங்கள் வீட்டுக்கு வருபவர்கள் கேட்கக்கூடும். மறுத்தார், உண்மைதான். தமக்குத் தந்ததை மறுத்தவர், நோயாளி யாரிடமாவது "நீயும் மறுத்துவிடு" என்று சொன்னாரா? பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் புகுந்து அவர் ஆடையைத் தொட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா என்று அவரை இயேசு கேட்கவில்லை, "மகளே" என்றார்.

திருச்சபையும் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. வலி தணிப்பை மறுக்கும் கடமை உண்டா என்ற மருத்துவர்களின் கேள்விக்கு 1957 பிப்ரவரி 24 அன்று பதில் சொன்ன திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அப்படிப் பொதுவான கடமை எதுவும் இல்லை என்றார். ஒருவர் தாமாக விரும்பி வலியை ஏற்கலாம். ஆனால் வலியே புதிய தவறுகளுக்கும் இடம் கொடுத்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். கடும் வலியில் செபமே வராமல் தவித்தவர்களுக்கு இது புரியும். உங்கள் மனைவி தாமாக விரும்பியா ஏற்றார்? வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து சொல்லிச் சொல்லி ஏற்கவைத்ததற்குப் பெயர் வேறு.

ஒப்புக்கொடுத்தல் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. அதை நம்புகிறேன். கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாய் இருப்பதைத் தம் உடலில் நிறைவுசெய்வதாகத் திருத்தூதர் பவுல் எழுதினார் (கொலோசையர் 1:24). சிலுவைப் பலியில் ஏதோ பற்றாக்குறை என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த அன்பில் தம் வேதனைக்கும் இடம் உண்டு என்று அவர் கண்டுகொண்டார். "என் உடலில்" என்றுதான் எழுதினார், "உங்கள் உடலில்" என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே பவுல், உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடியவர். முள் நீங்கவில்லை. "என் அருள் உனக்குப் போதும்" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. பாடுபடுமுன் இயேசு செபித்த கெத்சமனியிலும் இதே வரிசைதான்: துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி கேட்ட பிறகே "உம் விருப்பப்படி" என்றார் இயேசு. நீக்கும்படி கேட்கவே விடாமல் ஒருவரை நேரே ஏற்புக்குத் தள்ளுவது, ஆண்டவரே நடக்காத குறுக்குவழி.

பழைய ஏற்பாட்டில், எல்லாம் இழந்து நோயிலும் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து அவருடைய வேதனைக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள், கெட்டது. கடைசியில் கடவுள் அவர்களைப் பார்த்து, என்னைப்பற்றி என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்றார் (42:7). பிறந்த நாளையே சபித்துப் புலம்பிய யோபு பேசியது சரி! ஆகவே உங்கள் மனைவி வாயைப் பொத்த வேண்டாம். முனகட்டும், அழட்டும். சிலுவையில் இயேசுவும் உரக்கக் கதறினார்.

1981 மே 13 அன்று சுடப்பட்டுப் பிழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1984 பிப்ரவரி 11 தேதியிட்ட மடலில் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளை விரிவாகப் பேசினார். தன் துன்பத்தால் பிறருக்கு நன்மை செய்யவும் துன்பப்படுபவருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து ஒருசேரக் கற்றுத்தந்தார் என்கிறார் அதில். முதல் பாதியை உங்கள் மனைவிக்குப் போதிப்பவர்களிடம் இரண்டாம் பாதியைக் கேளுங்கள். அவருடைய வீக்கம் கண்ட கைகளுக்குப் பதிலாக ஒரு நாள் பாத்திரம் கழுவினார்களா?

பங்குத்தந்தையிடம் சொல்லி, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயிற்பூசுதல் கேளுங்கள். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல அது. கடும் நோயில் இருப்பவரின் நலத்துக்காகத் திருச்சபை அதில் மன்றாடுகிறது. வலியோடு ஒரு நாள் உங்கள் மனைவி தாமாகவே "இதை ஒப்புக்கொடுக்கிறேன்" என்று சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு செபியுங்கள். அதுவரை அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்தும் வர வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரையை வேளை தவறாமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.