கூட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் தளத்தில் இரண்டே வீடுகள். எதிர் வீட்டாருக்கும் சம்மதம். படிக்கட்டு முகப்பில் கிரில் கேட் போட்டுப் பூட்டிக்கொள்ளலாமா? (வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: கூடாது. யூடிஎஸ், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த இடத்தில் பங்கு உண்டு. ராத்திரி தீப்பிடித்தால் உங்கள் பூட்டுக்கு யார் சாவி தேடுவது?

கேள்வி: மேல்மாடி ஃபிளாட் வாங்கினேன். மொட்டை மாடி உரிமை என்று பில்டர் 3 லட்சம் கூடுதலாக வாங்கினார். ஷீட் போட்டு ஓர் அறை எடுத்தேன். இப்போது பிரிக்கச் சொல்கிறது சங்கம். (வாசகி, வேளச்சேரி)

பதில்: அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த மூன்று லட்சத்தை வாங்கிப் பையில் போட்டவர் மேல்தான். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. லிஃப்டும் படிக்கட்டும் அதே பட்டியலில்தான் வருகின்றன. பொதுப் பகுதியை மாற்ற வேண்டுமென்றால் பில்டரே மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனியாக விற்க முடியாது என்று 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். பத்திரத்தின் நடுப்பக்கத்தில் ‘மேற்கொண்டு கட்டும் உரிமை பில்டருக்கே’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடும் அன்று அதை யார் படிக்கிறார்கள்? சங்கமே சம்மதித்தாலும், பிளான் அனுமதி இல்லாத அறை நிற்காது. அதனால் ஷீட்டைப் பிரித்துவிடுங்கள். பணத்தை விடாதீர்கள். ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் பேச்சு என எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு.

கேள்வி: 1980-களில் கட்டிய குடியிருப்பு. ஓப்பன் கிச்சனுக்காக ஒரு சுவரை இடித்தேன். பழைய செகரட்டரி வாக்கிங்கில் ‘தாராளமா செய்யுங்க’ என்றார். மேல் வீட்டில் விரிசல் என்கிறார்கள். புது செகரட்டரி எழுத்து எங்கே என்கிறார். (வாசகர், அண்ணா நகர்)

பதில்: நானும் அதைத்தான் கேட்கிறேன். கொத்தனார் தட்டிப் பார்த்து ‘வெறும் தடுப்புச் சுவர்தான் சார்’ என்றாராம், நீங்களும் சம்மட்டியைக் கொடுத்தீர்களாம். அந்தக் காலத்துக் கட்டடங்கள் பலவற்றில் தூண் கிடையாது, சுவரேதான் பாரம் தாங்கும். உங்கள் கூரைதான் மேல் வீட்டுக்காரருக்குத் தரை. இன்றே முட்டுக் கொடுங்கள், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழைத்துக் காட்டுங்கள். மேல் வீட்டுச் செலவை நீங்களே ஏற்பதாக முதலில் போய்ச் சொல்லுங்கள். இடிப்பதற்கு முன்பே வரைபடமும் எஞ்சினியர் சான்றும் வைத்து மனுக் கொடுத்து, கமிட்டித் தீர்மானமாகப் பதிவு செய்து, முத்திரையோடு நகல் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஏசி அவுட்டோர் யூனிட்டை வெளிச்சுவரில் மாட்டவும் கேட்க வேண்டுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: ஆமாம். தண்ணீர் யார் ஜன்னலில் சொட்டும் என்பதையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் பால்கனியை மூடியிருக்கிறார்கள். நான் மட்டும் ஏன் அனுமதி கேட்க வேண்டும்? (வாசகர், பெருங்குடி)

பதில்: நானும் இப்படித்தான் நினைத்தேன். 38,000 ரூபாய்க்கு யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் ஆர்டர் கொடுத்தேன். வண்டி வந்து நின்ற பிறகுதான் செகரட்டரி சங்கத்தின் விதிமுறையான பைலாவைக் காட்டினார்: முகப்பை மாற்ற இனி யாருக்கும் அனுமதியில்லை, பழையவை மட்டும் அப்படியே இருக்கலாம். அளவெடுத்துச் செய்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார் கடைக்காரர். 9 அடி 4 அங்குலம். கட்டிலுக்கடியில் நுழையவில்லை, ஹால் சுவரில் சாய்ந்து நிற்கிறது, வீட்டம்மா அதில் ஈரத் துண்டு காயப்போடுகிறார். உங்கள் பால்கனி அதே அளவென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். சங்கத்தின் கடிதத்தை முதலில் அனுப்புங்கள்.