கருவில் கணையம் உருவாவதை ஆர்என்ஏ எப்படிக் கட்டுப்படுத்துகிறது? தாய் சாப்பிடுவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தால் பரீட்சைக்காகக் கேட்டது போலத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே சர்க்கரை, பெற்றவளை யாரோ குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. தங்கையை சேலம் அம்மாப்பேட்டையில் சொந்த அத்தை மகனுக்கே கொடுத்தோம். மாதம் நிறைந்து பிறந்தும் குழந்தை ஒன்றரை கிலோதான். ஈரத்துணியை மாற்றி ஓரமாகப் போட்டால் சற்று நேரத்தில் எறும்பு மொய்த்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். இன்சுலினும் செரிமான நொதியும் சுரக்க வேண்டிய கணையம் ஸ்கேனில் தென்படவே இல்லை. இன்சுலின் ஊசி ஒரு பக்கம். பால் செரிக்க வேண்டுமே என்று, என்சைம் கேப்சூலைப் பிரித்து உள்ளேயிருக்கும் மணிகளை பாலாடையில் தாய்ப்பாலோடு புகட்டுவது இன்னொரு பக்கம்.

அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "மாசமா இருக்கறப்ப குண்டு மாம்பழத்த விட்டு வச்சாளா? அதான் புள்ளைக்கு இறங்கிடுச்சு." வந்தவர் போனவரிடமெல்லாம் இதே பேச்சு. தங்கை தலை நிமிரவே இல்லை.

மாம்பழம் கடைக்கு வந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். கணையத்தின் முதல் மொட்டோ கரு தரித்த நான்காவது வாரத்திலேயே முன்குடலிலிருந்து கிளம்பிவிடும். அப்போது முழுக் கருவும் ஒரு ஜவ்வரிசி அளவுதான் இருக்கும். நாள் தள்ளிப்போனதையே பல பெண்கள் அப்போதுதான் கவனிக்கிறார்கள். முதுகுப் பக்கம் ஒரு மொட்டு, வயிற்றுப் பக்கம் ஒன்று; குடல் திரும்பும்போது இரண்டும் ஒன்று சேரும்.

எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான். ஆர்என்ஏ என்பது ஒரு மரபணுவிலிருந்து எடுக்கும் படி, அதாவது நகல்; அதைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்யும். எந்த மரபணுக்களிலிருந்து ஆர்என்ஏ படி எடுக்கப்படுகிறது என்பதை வைத்தே ஒரு செல் கணையமாகிறது. பிடிஎக்ஸ்1, பிடிஎஃப்1ஏ என்ற இரண்டு மரபணுக்கள் இதில் தலையானவை. படி எடுத்த பிறகும் கட்டுப்பாடு உண்டு. சுமார் 22 எழுத்து (மரபுச் செய்தியின் ஒவ்வொரு அலகையும் எழுத்து என்கிறேன்) நீளமுள்ள மைக்ரோஆர்என்ஏக்கள் என்ற குட்டி ஆர்என்ஏக்கள் அந்தப் படிகளில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதை அடக்கும். இவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2024 மருத்துவ நோபல். இவற்றை வெட்டித் தயாரிக்கும் டைசர் என்ற நொதியைக் கணையத்தில் மட்டும் நீக்கிய எலிக்கருக்களில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மிகவும் குறைந்துபோயின. மைக்ரோஆர்என்ஏ 375 இல்லாத எலிகளுக்குப் பீட்டா செல் குறைந்து, ரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஆல்ஃபா செல் கூடியது.

எங்கள் குழந்தையின் மரபணுப் பரிசோதனையில் பிடிஎஃப்1ஏ நன்றாகவே இருந்தது. அதிலிருந்து ஏறக்குறைய 25,000 எழுத்து தள்ளி, கருவின் கணையச் செல்களில் மட்டும் அதை முடுக்கிவிடும் சுமார் 400 எழுத்துத் துண்டு ஒன்று உண்டு. 2014-இல்தான் அதன் பங்கு தெரியவந்தது. பழுது அங்கே இருந்தது. அதனால் வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆர்என்ஏ வரவில்லை. இந்தக் குறை வர, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதியும் பழுதாக இருக்க வேண்டும். ஒன்று என் அப்பா வழியாகத் தங்கைக்கு வந்தது. மற்றது அத்தை வழியாகவே அவர் மகனுக்கு. இதிலும் அத்தை மேல் குற்றமில்லை, எனக்குள்ளும் அது இருக்கலாம். ஆனால் தங்கை மேல் சுமத்தியது அநியாயம்.

டாக்டர் இல்லாதவன் ஏன் பேசுகிறாய் என்பவர்களுக்கு: நான் விலங்கியல் முதுகலை, இதைத் தேடித் தேடிப் படித்தவன். கர்ப்பத்தில் எதையும் தின்னலாம் என்றும் சொல்லவில்லை. தாய்க்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்து, ஆரம்ப வாரங்களில் அது கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தைக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடும். அது வேறு விஷயம்.

 

ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தை என்றால் மரபணுப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். சில வகைகளுக்கு ஊசியே இல்லாமல் மாத்திரை போதும். எங்களுடைய வகை என்றால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். ரிப்போர்ட்டைக் கேட்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.