போர்க்காலத்தில் ஒரு சின்ன நாடு உண்மையிலேயே நடுநிலையாக இருக்க முடியுமா?

இருக்கலாம், ஆனால் வெளியில் சொல்வது ஒன்று, உள்ளே செய்வது ஒன்றாகத்தான் இருக்கும். டப்ளினில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் அயர்லாந்தையே சொல்கிறேன்.

வடகோடியில் மாலின் ஹெட் முனையில், புல்தரையில் வெள்ளைக் கற்களை அடுக்கி நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் 80 என்ற எண். 'இது நடுநிலை நாடு, குண்டு போடாதே' என்று விமானிகளுக்குச் சொல்ல, இரண்டாம் உலகப்போரில் கடற்கரை நெடுக 80க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி எழுதினார்கள். எந்த எண் எந்த இடம் என்ற பட்டியல் மட்டும் நேச நாடுகளின் கைக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அதுவே மைல்கல்!

பிரதமர் டி வலேராவுக்கு வேறு வழியில்லை. பிரிட்டனிடமிருந்து விடுதலை கிடைத்ததே 1922இல்தான். வடக்கு இன்னும் பிரிட்டனிடம். பிரிட்டனோடு வெளிப்படையாகச் சேர்ந்தால் வீட்டுக்குள் சண்டை மூளும். ஜெர்மனிப் பக்கம் சாய்ந்தால் பிரிட்டன் உள்ளே புகுந்துவிடும். போரைக்கூட 'எமர்ஜென்சி' என்றுதான் சொன்னார்கள் (நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் 1975 ஞாபகம் வரும்).

ஆனால் பல்லாயிரம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டியின் மாமாவும் அப்படித்தான். லீவில் வரும்போது பிரிட்டனின் ஹோலிஹெட் துறைமுகத்தில் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாதாரணச் சட்டையில் கப்பல் ஏறுவாராம். தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாது, அவ்வளவுதான். அரசாங்கமும் சட்டை மாற்றிக்கொண்டுதான் திரிந்தது: 1941இல் பிரிட்டனிடமிருந்த வடக்கின் பெல்ஃபாஸ்ட் நகரம் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தபோது எல்லை தாண்டித் தீயணைப்பு வண்டிகள் போயின. 1944 ஜூனில் மேற்குக் கரையின் பிளாக்சாட் கலங்கரை விளக்கத்திலிருந்து பிரிட்டனுக்குப் போன வானிலைத் தகவலும் பிரான்ஸில் நேச நாட்டுப் படைகளின் நார்மண்டி தரையிறக்கத்தை ஒருநாள் தள்ளிப்போட ஒரு காரணம்.

இவ்வளவு சாமர்த்தியமாக நடந்த டி வலேரா, 1945 மே 2 அன்று ஜெர்மன் தூதர் ஹெம்பலைப் பார்த்து ஹிட்லர் சாவுக்குத் துக்கம் விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்திருக்கலாம். போகாமல் இருப்பது ஹெம்பலுக்கு மரியாதைக்குறைவு என்று பிறகு விளக்கம் வேறு. என்னைக் கேட்டால் வீண் வீம்பு. தீயணைப்பு வண்டிகளை இன்று அயர்லாந்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் துக்க விசாரிப்பைத்தான் எல்லாரும் சொல்லிக் காட்டுகிறார்கள்.